ஜாக் ஜான்சன்: குற்றத்தைத் தேடிச் சென்ற சட்டம்

1912ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சிகாகோ நகரிலிருந்த அமெரிக்கக் கூட்டரசின் வழக்குரைஞர்கள் விந்தையானதொரு நெருக்கடியில் இருந்தனர். குற்றவாளி யார் என்பதை அவர்கள் முடிவு செய்துவிட்டனர். அவர் செய்த குற்றம் எது என்பதுதான் அகப்படவில்லை. முதலில் சுமத்திய குற்றச்சாட்டு, பாதிக்கப்பட்டவராகச் சொல்லப்பட்ட பெண்ணே ஒத்துழைக்க மறுத்ததால் ஆட்டம் கண்டது. உடனே புலனாய்வாளர்கள், அந்த மனிதரோடு முன்னர் பழகிய வெள்ளைப் பெண்கள் வேறு யாரேனும் கிடைப்பார்களா என்று தேடத் தொடங்கினர். அந்த மனிதரின் பெயர் ஜாக் ஜான்சன். உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பின வீரர் அவர்.

முகமது அலியை அறிந்த அளவுக்கு ஜான்சனை நம் மாணவர்கள் அறிந்திருப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. அலியிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டது அவர் போருக்குச் செல்ல மறுத்ததற்காக. அதில் ஒரு கொள்கை இருந்தது. பின்னால் ஓர் அமைப்பும் இருந்தது. 1971இல் உச்ச நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை நீக்கியது. ஜான்சனிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவர் எந்த இயக்கத்தின் பேச்சாளரும் அல்லர். விலையுயர்ந்த கார்களை ஓட்டினார், பற்களில் தங்கம் பதித்திருந்தார், விரும்பிய பெண்களை மணந்தார். அடங்கி நடக்கும்படி சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தார். ஓர் ஒடுக்கப்பட்ட மனிதன் உரிமை கோராமல், உரிமை ஏற்கெனவே தன்னுடையது என்பதுபோல் வாழ்ந்தால் அரசு அவனை எப்படி எதிர்கொள்ளும் என்பதை அறிய ஜான்சனின் வழக்கைப் படிக்க வேண்டும்.

துறைமுக நகரத்துச் சிறுவன்

ஆர்தர் ஜான் ஜான்சன் 1878 மார்ச் 31 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் பிறந்தார். தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை ஹென்றி பள்ளியொன்றில் துப்புரவுப் பணி செய்தார். தாய் டினா துணி வெளுத்துக் குடும்பம் நடத்தினார். ஜான்சன் சில ஆண்டுகளே பள்ளிக்குச் சென்றார். பிறகு துறைமுகத்தில் சுமை தூக்கினார்.

அக்காலத்துத் தென் மாநிலங்களில் ‘பேட்டில் ராயல்’ என்றொரு வேடிக்கை நடந்து வந்தது. பல கறுப்பினச் சிறுவர்களை ஒரே மேடையில் ஏற்றுவார்கள். சில வேளைகளில் கண்களையும் கட்டிவிடுவார்கள். கடைசியில் ஒருவன் நிற்கும்வரை அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டும். சுற்றி நிற்கும் வெள்ளையர்கள் காசு வீசுவார்கள். ஜான்சன் சண்டையிடக் கற்றது இத்தகைய மேடைகளில்தான்.

அவருடைய முறையான பயிற்சி சிறைக்குள் நிகழ்ந்தது. 1901 பிப்ரவரியில் ஜோ சோயின்ஸ்கி என்ற அனுபவமிக்க யூத வீரர் கால்வெஸ்டனில் ஜான்சனை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். பணத்துக்குக் குத்துச்சண்டை நடத்துவது டெக்சாஸில் குற்றமாக இருந்ததால் இருவரும் கைதாகி, மூன்று வாரங்களுக்கும் மேலாக ஒரே சிறையில் இருந்தனர். அந்த நாட்களில் சோயின்ஸ்கி இளைஞருக்குத் தம் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். முன்பாய்ந்து தாக்குவதைவிட எதிராளியின் குத்தைத் தடுத்து, விலகி, அவன் தவறும் கணத்தில் திருப்பி அடிப்பதே ஜான்சனின் பாணியாயிற்று. வெள்ளை நாளேடுகள் அதைச் சோம்பல் என்றும் கோழைத்தனம் என்றும் எழுதின. அதே பாணியை வெள்ளை வீரர் கையாண்டபோது அதற்கு அறிவு என்று பெயர்.

நிறக்கோடு

குத்துச்சண்டையில் கறுப்பினத்தவர் கலந்துகொள்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அமெரிக்கா முழுமைக்கும் இருந்ததில்லை. கீழ் நிலைப் போட்டிகளில் வெள்ளையரும் கறுப்பரும் மோதிக்கொண்டனர். பிற எடைப் பிரிவுகளில் கறுப்பினச் சாம்பியன்களும் இருந்தனர். தடை ஹெவிவெயிட் பட்டத்துக்கு மட்டுமே. உலகின் ஆகச் சிறந்த ஆண் யார் என்பதற்கான விடையாக அந்தப் பட்டம் கருதப்பட்டது. ஜான் எல். சல்லிவன் எந்தக் கறுப்பினத்தவரோடும் மோதப்போவதில்லை என்று 1892இல் வெளிப்படையாக அறிவித்தார். பீட்டர் ஜாக்சன் என்ற மாபெரும் கறுப்பின வீரர் பட்டப் போட்டி கிடைக்காமலே முடிந்துபோனார். பின்வந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸும் சாம்பியனான பின் அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு, 1905இல் தோல்வியே காணாதவராக ஓய்வு பெற்றார்.

எழுதப்படாத விலக்கு எழுதப்பட்ட விலக்கைவிட உறுதியானது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. எழுதியிருந்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லலாம். ‘எனக்கு விருப்பமில்லை’ என்று ஒரு சாம்பியன் சொல்லிவிட்டால் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

1903இல் ‘கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன்’ என்ற தனிப் பட்டத்தை ஜான்சன் வென்றார். அதோடு நிறைவடையாமல் உண்மையான பட்டத்தைத் துரத்தினார். அப்போது சாம்பியனாக இருந்தவர் கனடா நாட்டவரான டாமி பர்ன்ஸ். ஜான்சன் அவரை இங்கிலாந்துக்கும், அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் பின்தொடர்ந்தார். இறுதியில் விருப்பமின்மைக்கு ஒரு விலை உண்டு என்பது தெரியவந்தது: 30,000 டாலர். போட்டி ஏற்பாட்டாளர் ஹியூ மெக்கின்டோஷ் அந்தத் தொகையைத் தர ஒப்புக்கொண்டதும் பர்ன்ஸ் இசைந்தார். ஜான்சனுக்கு 5,000 டாலர் மட்டுமே.

1908 டிசம்பர் 26 அன்று சிட்னி நகரில் நடந்த அந்தப் போட்டி 14ஆம் சுற்றில் காவல்துறையால் நிறுத்தப்பட்டது. பர்ன்ஸ் சிதைந்துபோயிருந்தார். படக்கருவியும் நிறுத்தப்பட்டதால், ஒரு கறுப்பர் உலகப் பட்டத்தை வென்ற அந்த இறுதிக் கணம் படச்சுருளில் இல்லை. மேடையோரத்தில் செய்தியாளராக அமர்ந்திருந்தவர் எழுத்தாளர் ஜாக் லண்டன். உழைக்கும் வர்க்கத்துக்காகப் பேசிய சோசலிஸ்ட் அவர். ஓய்விலிருந்த ஜெஃப்ரிஸ் திரும்பி வந்து வெள்ளை இனத்தின் மானத்தை மீட்க வேண்டும் என்று அறைகூவியவரும் அவரே. வர்க்கம் பேசும் நாவு நிறத்தின் முன் எப்படிப் புரளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேட வேண்டியதில்லை.

ரினோ, 1910 ஜூலை 4

‘வெள்ளை நம்பிக்கை’ என்ற சொல்லாட்சி இக்காலத்தில்தான் பரவியது. ஜான்சனை வீழ்த்தக்கூடிய வெள்ளையர் ஒருவர் எங்கேனும் கிடைப்பாரா என்று நாடே தேடியது. 1909 அக்டோபரில் மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்ச்சல் முயன்றார். 12ஆம் சுற்றில் ஜான்சனைக் கீழே தள்ளினார். எழுந்த ஜான்சன் அடுத்த சில நொடிகளில் அவரை நினைவிழக்கச் செய்தார். பிறகு எஞ்சியிருந்தவர் ஜெஃப்ரிஸ் ஒருவரே. பண்ணையில் ஓய்வாக இருந்து பெருத்துப்போயிருந்த அவர், எடை குறைத்து மேடைக்குத் திரும்பினார். தாம் வருவது இனத்துக்காக என்று மறைக்காமல் சொன்னார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கவிருந்த போட்டியைக் கலிபோர்னியா ஆளுநர் தடுத்ததால், நெவாடா மாநிலத்தின் ரினோ நகருக்கு அது மாற்றப்பட்டது. அதற்கென்றே எழுப்பிய திறந்தவெளி அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். பரிசுத் தொகை 101,000 டாலர். பந்தயம் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஜெஃப்ரிஸ் பக்கம். வாழ்நாளில் ஒருமுறைகூட மேடையில் விழுந்திராத ஜெஃப்ரிஸ் 15ஆம் சுற்றில் மீண்டும் மீண்டும் விழுந்தார். அவருடைய ஆட்களே போட்டியை நிறுத்தினர். தம் உச்ச நிலையில் இருந்திருந்தாலும் ஜான்சனை வென்றிருக்க முடியாது என்று அவர் பின்னர் ஒப்புக்கொண்டதாகச் சொல்வர்.

தந்தி வழியே செய்தி பரவிய அன்று மாலையே பல நகரங்களில் வன்முறை வெடித்தது. கொண்டாடிய கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. நாடு முழுவதும் இருபது பேர் அளவுக்குக் கொல்லப்பட்டனர் என்பது பரவலான மதிப்பீடு. மாண்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இதற்கு அரசுகள் கண்ட தீர்வு கும்பல்களைத் தண்டிப்பதன்று, அந்தப் போட்டியின் படத்தைத் தடை செய்வது. நகரங்களும் மாநிலங்களும் தென்னாப்பிரிக்காவும் தடை விதித்தன. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருள்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதையே குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. வன்முறைக்கு ஆளானவர்களின் மகிழ்ச்சிதான் வன்முறைக்குக் காரணம் என்ற இந்த வாதத்தை, ஊர்வலத்துக்கும் சிலைக்கும் அனுமதி மறுக்கும் ஆணைகளில் நாம் இன்றும் படிக்கிறோம்.

மான் சட்டம்

ஜான்சனை மேடையில் வீழ்த்த முடியாது என்பது தெளிவான பின் சட்டம் களமிறங்கியது. ரினோ போட்டிக்குச் சில நாட்களுக்கு முன், 1910 ஜூன் 25 அன்று, ‘வெள்ளை அடிமை வணிகச் சட்டம்’ நடைமுறைக்கு வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த இல்லினாய் உறுப்பினர் ஜேம்ஸ் மானின் பெயரால் அது மான் சட்டம் எனப்படும். பெண்களைக் கடத்தி விபச்சாரத்தில் தள்ளும் கும்பல்களை ஒடுக்குவதே நோக்கம் என்றார்கள். ஆனால் விபச்சாரத்துக்கு மட்டுமின்றி ‘வேறெந்த ஒழுக்கக்கேடான நோக்கத்துக்கும்’ ஒரு பெண்ணை மாநில எல்லை கடந்து அழைத்துச் செல்வதும் குற்றம் என்று அதில் ஒரு சொற்றொடர் சேர்க்கப்பட்டிருந்தது. ஒழுக்கக்கேடு எது என்பதற்கு வரையறை இல்லை. சட்டம் பயிலும் மாணவர்கள் இத்தகைய சொற்றொடரைக் கண்டால் நின்று பார்க்க வேண்டும். வரையறையின்றி விடப்படும் சொல்லின் பொருளைப் பின்னர் முடிவு செய்பவர் காவல் அதிகாரி.

ஜான்சன் 1911இல் எட்டா டூரியா என்ற வெள்ளைப் பெண்ணை மணந்தார். 1912 செப்டம்பரில் எட்டா தற்கொலை செய்துகொண்டார். இங்கே நாம் ஒன்றை மறைக்கக் கூடாது. எட்டாவை ஜான்சன் அடித்தார். 1910 கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு அடித்தார். பெல் ஷ்ரைபர் என்ற பெண்ணும் தாம் அடிபட்டதைச் சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார். ஜான்சன் மீது தொடுத்திருக்க வேண்டிய வழக்கு அதுதான். எட்டாவின் காயங்களுக்காக எந்த அரசு வழக்குரைஞரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. அரசு கவலைப்பட்டது அந்தப் பெண்களின் உடலைப் பற்றியன்று, அவர்களுடைய நிறத்தைப் பற்றி.

எட்டா இறந்த சில வாரங்களில், ஜான்சனின் சிகாகோ விடுதியில் பணி செய்த லூசில் கேமரன் என்ற இளம்பெண்ணின் தாய், தம் மகளை ஜான்சன் கடத்திவிட்டார் என்று புகார் கொடுத்தார். 1912 அக்டோபர் 18 அன்று ஜான்சன் கைதானார். லூசில் சாட்சி என்ற பெயரில் காவலில் வைக்கப்பட்டார். ஆனால் அவர் ஜான்சனுக்கு எதிராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் ஜான்சனையே மணந்தார்.

இந்தக் காட்சி நமக்கு எவ்வளவு பழகியது! வயது வந்த பெண் தன் விருப்பப்படி சாதி கடந்து மணந்தால் குடும்பத்தார் முதலில் கொடுப்பது கடத்தல் புகார். பழைய தண்டனைச் சட்டத்தின் 366ஆம் பிரிவு இதற்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணும்படி அது பயன்பட்டது. லதா சிங் வழக்கில் சகோதரர்கள் கொடுத்த புகாரால் கணவரின் உறவினர்கள் சிறையில் இருந்தனர். உச்ச நீதிமன்றம் 2006இல் தலையிட்டு அதை நீக்கவேண்டியதாயிற்று. பெண் ‘நானே வந்தேன்’ என்று சொன்ன பிறகும் அவரைக் காப்பகத்துக்கு அனுப்பி மனம் மாறக் காத்திருக்கும் நடைமுறையை வழக்குரைஞர்கள் எல்லோரும் அறிவோம். 1912இல் லூசிலுக்கு நடந்ததும் அதுவே.

லூசில் வழக்கு நிற்காது என்று கண்ட அரசு, பெல் ஷ்ரைபரைக் கண்டுபிடித்தது. ஜான்சனோடு பல நகரங்களுக்குப் பயணம் செய்த அவர், விபச்சார விடுதிகளில் பணி செய்தவர். 1910இல் பிட்ஸ்பர்க்கில் இருந்த அவர் சிகாகோவுக்கு வர ஜான்சன் 75 டாலர் அனுப்பியிருந்தார். அதுவே குற்றமாயிற்று. 1913 மே 13 அன்று, வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி இரண்டு மணி நேரத்துக்குள் அவரைக் குற்றவாளி என்றது. ஜூன் மாதம் ஓராண்டு ஒரு நாள் சிறையும் 1,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

சட்டத்தின் நீட்சி ஜான்சனோடு நிற்கவில்லை என்பதையும் குறிக்க வேண்டும். தம் காதலிகளோடு கலிபோர்னியாவிலிருந்து ரினோவுக்கு ரயிலில் சென்ற இரு வெள்ளை இளைஞர்களின் தண்டனையை உச்ச நீதிமன்றம் 1917இல், கமினெட்டி வழக்கில் உறுதி செய்தது. பணம் கைமாறாவிட்டாலும் ஒழுக்கக்கேடு ஒழுக்கக்கேடே என்றது பெரும்பான்மை. அந்தத் தெளிவற்ற சொற்றொடர் சட்டத்திலிருந்து நீங்கியது 1986இல்தான். ஒரு கறுப்பினத்தவருக்காகக் கூர் தீட்டப்பட்ட கத்தி எழுபது ஆண்டுகளுக்கு மேல் உறைக்குத் திரும்பவில்லை.

ஜான்சனின் திருமணம் வேறொரு விளைவையும் ஏற்படுத்தியது. 1912 டிசம்பரில் ஜார்ஜியா மாநில உறுப்பினர் சீபோர்ன் ராடன்பெரி, கறுப்பர்–வெள்ளையர் திருமணத்தை நாடு முழுவதும் தடுக்கும் அரசமைப்புத் திருத்தத்தை முன்மொழிந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் மாநிலங்களில் இருந்த தடைச் சட்டங்கள் 1967இல் லவ்விங் வழக்கின் தீர்ப்பு வரும்வரை நீடித்தன. கறுப்பினத் தலைவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. புக்கர் டி. வாஷிங்டன் ஜான்சனைப் பொதுவெளியில் கண்டித்தார். டு பாய்ஸ், இந்தக் கூச்சலுக்கெல்லாம் காரணம் ஜான்சனின் நடத்தையன்று, அவருடைய நிறமே என்று 1914இல் எழுதினார். தன் சமூகத்தில் ஒருவர் ‘பெயரைக் கெடுக்கும்’போது அவரைக் கைவிடுவதா, அவர் மீதான அநீதியை எதிர்ப்பதா என்ற கேள்வியில் டு பாய்ஸின் பக்கமே சரியென்று நான் கருதுகிறேன், எட்டாவை மறக்காமலே அப்படிக் கருதுகிறேன்.

நாடு கடந்த ஏழாண்டுகள்

மேல்முறையீட்டுக் காலத்தில் பிணையில் இருந்த ஜான்சன் கனடா வழியாக ஐரோப்பாவுக்குத் தப்பினார். பாரிஸில் பட்டத்தை இருமுறை தற்காத்துக்கொண்டார். 1913 டிசம்பரில் அங்கே பேட்டிலிங் ஜிம் ஜான்சனோடு அவர் சமன் செய்த போட்டி, இரு கறுப்பினத்தவர் மோதிய முதல் ஹெவிவெயிட் பட்டப் போட்டி. அதற்கு முன்னும் பின்னும் சாம் லேங்ஃபோர்ட், ஜோ ஜெனெட் போன்ற தலைசிறந்த கறுப்பின வீரர்களுக்கு அவர் வாய்ப்பே தரவில்லை. வெள்ளையரோடு மோதினால் கிடைக்கும் பணம் அதில் இல்லை என்பது காரணம். தாம் உடைத்த கோட்டைத் தாமே மறுபடியும் வரைந்தார் என்று லேங்ஃபோர்டின் ஆதரவாளர்கள் சொன்னால் அதை மறுக்க இயலாது.

1915 ஏப்ரல் 5 அன்று, கியூபாவின் ஹவானா நகரில், சுட்டெரிக்கும் வெயிலில் ஜெஸ் வில்லார்டிடம் 26ஆம் சுற்றில் வீழ்ந்தார். வேண்டுமென்றே தோற்றதாகப் பின்னர் சொன்னார். 37 வயது உடலும் 45 சுற்றுப் போட்டியும் போதுமான விளக்கம் என்பது என் எண்ணம்.

ஸ்பெயின், மெக்சிகோ என்று அலைந்து, 1920 ஜூலை 20 அன்று எல்லையில் சரணடைந்தார். லெவன்வொர்த் சிறையில் தண்டனையைக் கழித்து 1921 ஜூலையில் வெளிவந்தார். 1922இல் திருகுச்சாவி ஒன்றின் மேம்பட்ட வடிவமைப்புக்காக அவருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவர் நடத்திய இரவு விடுதியைக் கள்ளச்சாராய வணிகர் ஓனி மேடன் வாங்கினார். அதுவே பின்னர் புகழ்பெற்ற காட்டன் கிளப் ஆயிற்று. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், இருக்கைகளில் வெள்ளையர். கறுப்பின வாடிக்கையாளருக்கு அனுமதியில்லை.

ஜான்சன் தோற்ற பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் ஹெவிவெயிட் பட்டப் போட்டி கிடைக்கவில்லை. 1937இல் ஜோ லூயிஸ் வென்றபோது, அவருடைய மேலாளர்கள் அவருக்கு விதிகள் வகுத்திருந்தனர்: வெள்ளைப் பெண்ணோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளக் கூடாது, வீழ்ந்த எதிராளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ஜான்சன் செய்த ஒவ்வொன்றையும் செய்யாதிருப்பதே லூயிஸுக்கு நுழைவுச் சீட்டு. ஜான்சனுக்கு லூயிஸைப் பிடிக்கவில்லை. 1936இல் ஜெர்மானிய வீரர் ஷ்மெலிங் லூயிஸை வெல்வார் என்று சொல்லிப் பந்தயமும் கட்டி வென்றார். அது அவருக்குத் தம் மக்களிடையே இருந்த மதிப்பை வெகுவாகக் குறைத்தது.

1946 ஜூன் 10 அன்று வட கரோலைனாவின் ஃபிராங்க்ளின்டன் அருகே கார் விபத்தில் ஜான்சன் இறந்தார். அப்போது அவருக்கு 68 வயது. சாலையோர உணவகம் ஒன்றில் நிறம் காரணமாக இழிவுபடுத்தப்பட்டு, சினத்தோடு வேகமாகக் கிளம்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். சிகாகோவில் எட்டாவின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலத்தில், ஜான்சனின் வாழ்வைத் தழுவிய ‘தி கிரேட் ஒயிட் ஹோப்’ நாடகத்தைக் கண்ட முகமது அலி, அதைத் தம் கதையாகவே உணர்ந்தார்.

மன்னிப்பின் சட்டப் பொருள்

அமெரிக்க நாடாளுமன்றத்தில் செனட்டர் ஜான் மெக்கெய்ன் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் வலியுறுத்திய பின், 2018 மே 24 அன்று அதிபர் டிரம்ப் ஜான்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். அவருக்கு முன்னர் ஒபாமா அதைச் செய்யவில்லை. இறந்தவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில்லை என்பது நீதித்துறையின் கொள்கையாக இருந்தது. ஆனால் மன்னிப்பு என்பது விடுதலைத் தீர்ப்பு அன்று. மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1915இல், பர்டிக் வழக்கில் கூறியிருக்கிறது. ஜான்சன் பட்டத்தை இழந்த அதே ஆண்டு அது.

வேறு வழியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததை எதிர்த்து நின்ற ஃபிரெட் கோரெமாட்சு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பி, அரசு உண்மைகளை மறைத்ததைக் காட்டி, 1983இல் தம் தண்டனையையே நீக்கச் செய்தார். மன்னிப்புப் பேச்சு எழுந்தபோது, மன்னிக்க வேண்டியவர் நானே என்ற நிலையில் அவர் நின்றார். அப்போது அவர் உயிரோடு இருந்தார். ஜான்சனுக்காக அப்படி யாரும் நீதிமன்றம் செல்லவில்லை. 1913 மே 13ஆம் நாளின் தீர்ப்பு, மன்னிக்கப்பட்ட குற்றமாக, சிகாகோ நீதிமன்றத்தின் ஏட்டில் இன்றும் இருக்கிறது.